அமெரிக்கா போன அயர்லாந்துப் பெண்களின் நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த வகையில் ஒன்றுகூடப் படித்ததில்லை. எதில் தொடங்கலாம்?

கோலம் டோபீன் எழுதிய 'புரூக்ளின்' (2009). வேறு யோசனையே வேண்டாம். சுமார் 250 பக்கம். வாக்கியங்கள் குட்டையானவை, அகராதியை அதிகம் புரட்ட வேண்டியிருக்காது. 1950களின் தொடக்கத்தில், வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்து என்னிஸ்கார்த்தி என்ற சிற்றூரில் வேலை கிடைக்காத எய்லிஷ் லேசி என்ற பெண், ஊருக்கு வந்த பாதிரியார் ஒருவரின் ஏற்பாட்டில் நியூயார்க்கின் புரூக்ளினுக்கு அனுப்பப்படுகிறாள். 'அனுப்பப்படுகிறாள்' என்பதுதான் சரி. முடிவை எடுப்பவர்கள் அக்கா ரோஸும் பாதிரியார் ஃபிளட்டும். எய்லிஷிடம் யாரும் சரியாகக் கேட்பதில்லை, அவளும் மறுப்பதில்லை.

பெரிய சம்பவங்களை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். கப்பலில் வாந்தி, விடுதி அம்மாவின் கெடுபிடி, துணிக்கடையில் காலுறை விற்பனை, இரவுக் கல்லூரியில் கணக்குப்பதிவு, பங்குக் கோவில் நடனம் என்று கதை போகும். முதல் 60 பக்கத்தில் 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று கீழே வைத்துவிடுபவர்கள் உண்டு. அவள் வாய்விட்டுச் சொல்லாதவற்றைக் கவனித்துக்கொண்டே போனால் புத்தகம் பிடிபடும். வீட்டு நினைவு அவளை அடித்துப்போடும் பகுதி, ஊர்விட்டு ஊர் போனவர்களைப் பற்றி எழுதப்பட்ட மிகத் துல்லியமான பக்கங்களில் சேரும்.

படம் பார்த்துவிட்டேன். புத்தகமும் வேண்டுமா?

வேண்டும். ஜான் கிரௌலி இயக்கி 2015இல் வந்த படம் நல்ல படம். ஆனால் முடிவு வேறு. (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போகவும்.) படத்தில் எய்லிஷ் புரூக்ளின் தெருவில் கணவன் டோனியிடம் வந்து சேர்வதைக் காட்டுகிறார்கள், மனம் நிறைகிறது. நாவல் அவளை அயர்லாந்து ரயிலிலேயே விட்டுவிடுகிறது. அவள் திரும்புவது காதலாலா, ரகசியத் திருமணம் ஊரில் தெரிந்துவிட்டதாலா என்பதைப் புத்தகம் தீர்த்துச் சொல்வதில்லை. அந்தத் தீராத கேள்வியில்தான் நாவலின் பலம் இருக்கிறது.

2024இல் வந்த 'லாங் ஐலண்ட்' இதன் தொடர்ச்சி. கதை நடப்பது 1976இல். முதல் சில பக்கங்களிலேயே ஓர் அயர்லாந்துக்காரன் வாசலில் வந்து நிற்கிறான். தன் மனைவி டோனியால் கர்ப்பமாக இருக்கிறாள், பிறக்கும் குழந்தையை இந்த வாசலில் கொண்டுவந்து போடுவேன் என்கிறான். படத்தின் இனிய முடிவோடு நின்றுவிட்டவர்களுக்கு இது பேரிடியாக இருக்கும். நாவலின் முடிவைப் படித்தவர்களுக்கு அவ்வளவு ஆச்சரியம் இராது.

ஏன் இத்தனை நாவல்களில் பெண் தனியாகவே கப்பல் ஏறுகிறாள்? எழுத்தாளர்களின் வசதிக்காகவா?

இல்லை. நடந்தது அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன மற்றவர்களில் பெரும்பாலும் ஆண் முதலில் போவான், அல்லது குடும்பமாகப் போவார்கள். அயர்லாந்திலிருந்து மட்டும் மணமாகாத இளம்பெண்கள் ஆண்களுக்குச் சமமாகவும், சில பத்தாண்டுகளில் அவர்களைவிட அதிகமாகவும் போனார்கள். 1885 முதல் 1920 வரை போன இளம்பெண்கள் மட்டும் கிட்டத்தட்ட 7 லட்சம்.

காரணம் நிலத்தில் இருக்கிறது. 1845இல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள், அதற்குக் குறையாதவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். 1841இல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சம் ஆனது. பஞ்சத்துக்கு முன் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் துண்டு போட்டுக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. பட்ட அடிக்குப் பிறகு அது நின்றது. நிலம் முழுவதும் ஒரே மகனுக்கு. அவனைக் கட்ட வரும் பெண் கொண்டுவரும் சீதனம் அவன் தங்கைகளில் ஒருத்தியின் சீதனமாகும். மிச்சமுள்ள பெண்களுக்கு நிலமும் இல்லை, சீதனமும் இல்லை, கைத்தறி நூற்பும் ஆலைகளால் அழிந்துவிட்டது. அண்ணன் வீட்டில் சம்பளமில்லாத வேலைக்காரியாகக் காலம் தள்ள வேண்டும், மடத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் கப்பல் ஏற வேண்டும்.

ஆகவே ஒரு நாவலில் கதாநாயகி 'சுதந்திரம் தேடி' மட்டும் போனால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நல்ல எழுத்தாளர் அவளுக்குப் பின்னால் ஒரு நிலக்கணக்கை வைத்திருப்பார்.

பயணச் செலவுக்கு அவர்களிடம் ஏது பணம்?

இந்த வகை நாவல் எதைத் திறந்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: சீட்டுக்குக் காசு கொடுத்தது யார்? கதை எந்தப் பக்கம் போகும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

பஞ்ச காலத்தில் நியூயார்க்குக்குக் கப்பலின் அடித்தளப் பயணத்துக்குத் தோராயமாக 3 முதல் 5 பவுண்டு. கூலிக்காரக் குடும்பம் அதைச் சேர்க்கவே முடியாது. சிலருக்கு நிலக்கிழாரே கட்டினார், குத்தகைக்காரரை வெளியேற்ற அதுவே மலிவான வழி. பின்னர் முறை மாறியது. முதலில் போனவள் சம்பாதித்து, நியூயார்க்கிலேயே முன்பணம் கட்டிய சீட்டை வாங்கித் தங்கைக்கு அனுப்புவாள். தங்கை போய் அடுத்தவளை இழுப்பாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயங்களில் 'அமெரிக்கக் கடிதம்' வரும், உள்ளே பணம் இருக்கும். அயர்லாந்துக் குடியேறிகளுக்கென்றே 1850இல் நியூயார்க்கில் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. கணக்கு வைத்தவரை அடையாளம் காண அவரது பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் வரை அங்கே எழுதி வைத்தார்கள். இன்று வரலாற்றாசிரியர்களுக்கும் நாவலாசிரியர்களுக்கும் அந்தப் பேரேடுகள் பெரும் புதையல்.

சீட்டு அனுப்பியவளுக்குக் கடன் தீராது. ஊருக்குப் பணம், தம்பியின் வாடகைக்குப் பணம், அப்பாவின் சாவுக்குப் பணம். அதனால்தான் இந்தப் பெண்கள் நாவல்களில் அவ்வளவு தாமதமாகக் கல்யாணம் செய்கிறார்கள். கல்யாணமானால் வேலை நிற்கும், கடிதத்துக்குள் பணமும் நிற்கும்.

புறப்படுமுன் இரவு வீட்டில் கூட்டம் கூடிக் குடித்து, ஆடி, விடியலில் ஒப்பாரி வைக்கும் வழக்கமும் பல நாவல்களில் வரும். பிணமில்லாத இழவு வீடு. பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையிலேயே கடைசிப் பார்வை.

பஞ்சக் கப்பலைப் பற்றி எதைப் படிப்பது?

ஜோசஃப் ஓ'கானரின் 'ஸ்டார் ஆஃப் த சீ' (2002). 1847 குளிர்காலத்தில் நியூயார்க் நோக்கிப் போகும் ஒரு கப்பலின் 26 நாள். மேலே முதல் வகுப்பில் நொடித்துப்போன நிலக்கிழார் குடும்பம், அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேரி டுவேன், கீழ்த்தளத்தில் நூற்றுக்கணக்கான பட்டினிக்காரர்கள், அவர்களிடையே ஒரு கொலைகாரன். கப்பல் தலைவனின் நாட்குறிப்பு, கடிதங்கள், பத்திரிகைத் துணுக்குகள் என்று பல குரல்களில் கதை வருவதால் முதல் நூறு பக்கம் யார் பேசுகிறார்கள் என்பதே குழப்பும். ஒரு தாளில் பெயர்களைக் குறித்துக்கொண்டு படியுங்கள். புது வாழ்வைப் பற்றிய நாவல் அல்ல இது, அதற்கு முந்திய நரகத்தைப் பற்றியது.

ஒரு திருத்தம். 'சவப்பெட்டிக் கப்பல்' என்ற பெயரைக் கேட்டதும் எல்லாக் கப்பலிலும் பாதிப்பேர் செத்ததாக நினைக்கிறார்கள். 1847இல் மிக மோசமான சாவு கனடா வழியில்தான். அங்கே கட்டணம் குறைவு, மரம் ஏற்றிவந்த கப்பல்கள் திரும்புகையில் ஆட்களை அடைத்துக்கொண்டு போயின. கியூபெக்கின் கிரோஸ் தீவில் மட்டும் அந்த ஆண்டு 5,000க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டார்கள். அமெரிக்கத் துறைமுகங்கள் பயணிகள் எண்ணிக்கையைச் சட்டத்தால் இறுக்கியிருந்ததால் அங்கே கட்டணமும் கூடுதல், உயிர் தப்பும் வாய்ப்பும் கூடுதல்.

எல்லிஸ் தீவில் பெயரை மாற்றினார்களா? எந்த ஆண்டில் எந்த வாசல் வழியாக வந்தார்கள்?

பெயரை அதிகாரி மாற்றினார் என்பது நாவல்களும் படங்களும் பரப்பிய கதை. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த நிலையம் எல்லிஸ் தீவு. அதன் அதிகாரி புதிதாக எதையும் எழுதவில்லை. கப்பல் நிறுவனம் புறப்பாட்டுத் துறைமுகத்திலேயே தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பின்னால் தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலம் தெரிந்த அயர்லாந்துப் பெண்ணுக்கு இந்தக் காட்சி இன்னும் பொருந்தாது.

ஆண்டுகளை மனதில் வைத்திருந்தால் பாதி நாவல்களின் தரம் உடனே தெரியும். 1855க்கு முன் நியூயார்க்கில் தனி வரவேற்பு நிலையமே இல்லை. கப்பல் துறையில் இறங்கினால் தரகர்கள் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, தங்கள் விடுதிக்கு இழுத்துப் போவார்கள். 1855 ஆகஸ்டிலிருந்து 1890 ஏப்ரல் வரை காஸில் கார்டன். எல்லிஸ் தீவு திறந்தது 1892 ஜனவரி 1. முதலில் பதிவானவள் கார்க் பகுதியின் ஆனி மூர் என்ற 17 வயதுப் பெண். இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு, முன்பே நியூயார்க் போய்விட்ட பெற்றோரிடம் வந்தாள். 10 டாலர் தங்கக் காசு கொடுத்தார்கள். 1897 ஜூனில் அந்த மரக் கட்டடம் எரிந்துபோனது. புதிய செங்கல் கட்டடம் 1900 டிசம்பரில்தான் திறந்தது. இடையில் வந்தவர்கள் மன்ஹாட்டன் முனையில் இருந்த பார்ஜ் ஆபீஸ் வழியாகப் போனார்கள். 1898இல் கதாநாயகி எல்லிஸ் தீவின் பெரிய மண்டபத்தில் நின்றால் எழுத்தாளர் தேதியைப் பார்க்கவில்லை என்று பொருள்.

நாவலாசிரியர்களுக்கு இன்னும் பயன்படக்கூடிய விவரம் ஒன்று உண்டு. தனியாக வந்த பெண்ணை அதிகாரிகள் சும்மா வெளியே விடமாட்டார்கள். உறவினர் நேரில் வர வேண்டும், அல்லது தந்தியோ பணமோ வர வேண்டும். ஆளில்லாமல் சிக்கிய அயர்லாந்துப் பெண்களுக்காக 1883இல் கத்தோலிக்க மிஷன் ஒன்று தொடங்கியது. காஸில் கார்டனுக்கு எதிரே ஸ்டேட் தெருவில் இலவசத் தங்கலும் வேலை ஏற்பாடும் செய்து கொடுத்தார்கள்.

அயர்லாந்துப் பக்கத்துத் துறைமுகத்தையும் பாருங்கள். கார்க் அருகே உள்ள ஊர் 1849இல் விக்டோரியா அரசி வந்தபோது குயின்ஸ்டவுன் ஆனது, 1920 வாக்கில் மறுபடி கோவ் ஆனது. 1847இல் ஒருத்தி 'குயின்ஸ்டவுன்' என்று பேசினால் அது பிழை.

எல்லா நாவலிலும் ஏன் வேலைக்காரி வேலை?

அந்த வேலைதான் அவர்களுடையது. 1850களின் நடுவில் நியூயார்க் வீட்டுப் பணியாளர்களில் சுமார் முக்கால் பங்கு அயர்லாந்துக்காரர்கள். 1900இல்கூட அமெரிக்காவில் வேலை செய்த அயர்லாந்துப் பெண்களில் பாதிக்கும் மேல் வீட்டு வேலையில் இருந்தார்கள். 'பிரிஜெட்' என்ற பெயரே வேலைக்காரிக்குப் பொதுப்பெயராகிவிட்டது.

மற்ற நாட்டுப் பெண்கள் அதை ஏன் அவ்வளவாகத் தொடவில்லை? இத்தாலியப் பெண்ணுக்கும் யூதப் பெண்ணுக்கும் இரவு திரும்ப ஒரு குடும்பம் இருந்தது, தையல் ஆலைக்குப் போனாள். அயர்லாந்துப் பெண் தனியாள். வேலையோடு கூரையும் சாப்பாடும் வேண்டும். ஆலைப் பெண்ணின் கூலியில் பெரும்பகுதியை விடுதி விழுங்கிவிடும், வேலைக்காரியின் சம்பளம் அப்படியே கையில் நிற்கும், ஊருக்கு அனுப்பலாம். ஆங்கிலமும் பெரும்பாலானோருக்குத் தெரியும்.

விலை வேறு விதத்தில் கொடுத்தார்கள். விடியுமுன் எழுந்து நிலக்கரி அடுப்பு மூட்டி, தண்ணீர் தூக்கி, திங்கட்கிழமை முழுக்கத் துணி வெளுத்து, இரவு பரணறையில் படுக்க வேண்டும். குளிரில் விறைத்து, கோடையில் வேகும் அறை. விடுமுறை என்பது வியாழன் பிற்பகலும் ஒன்றுவிட்டொரு ஞாயிறும். ஆகவே அயர்லாந்து நடனக் கூடங்கள் வியாழன் இரவில் நிறைந்தன. நாவலில் வேலைக்காரி சனிக்கிழமை இரவு ஊர்சுற்றினால் எழுதியவர் வீட்டுப்பாடம் செய்யவில்லை.

திரைப்படம்போலப் பத்துப் பணியாளர்கள் நிற்கும் மாளிகைகள் குறைவு. நடுத்தர வீட்டில் எல்லா வேலைக்கும் ஒரே ஒருத்தி. அவளுக்குப் பேச்சுத்துணையே கிடையாது, அந்தத் தனிமைதான் நாவல்களில் அதிகம் சொல்லப்படாத விஷயம். எட்னா ஓ'பிரையனின் 'த லைட் ஆஃப் ஈவினிங்' (2006) 1920களின் புரூக்ளினில் பணிப்பெண்ணாக இருந்து ஊர் திரும்பிய தாயின் நினைவுகளில் இதைத் தொடுகிறது.

'அயர்லாந்துக்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்' விளம்பரங்கள் நிஜமா?

நிஜம். 2002இல் ஒரு வரலாற்றாசிரியர் இவை பெரும்பாலும் கட்டுக்கதை என்று வாதிட்டார். 2015இல் ஒரு பள்ளி மாணவி, மின்வடிவில் ஏற்றப்பட்ட பழைய செய்தித்தாள்களைத் தேடி, ஏராளமான விளம்பரங்களை எடுத்துக் காட்டி அந்த வாதத்தை உடைத்தார். பணிப்பெண் தேடும் விளம்பரங்களில் 'புராட்டஸ்டன்ட் மட்டும்' என்ற வடிவிலும் இதே கதவடைப்பு வரும். ஆனால் விளம்பரம் எப்படியிருந்தாலும் கடைசியில் கிடைக்கும் ஆள் அயர்லாந்துப் பெண்தான் என்பதால் அந்த எசமானிகளே அவளை வைத்துக்கொண்டார்கள். அவளைக் கேலி செய்தபடியே.

'டைஃபாய்டு மேரி' பற்றிய நாவல் உண்டாமே?

மேரி பெத் கீனின் 'ஃபீவர்' (2013). தனக்கு நோய்க்குறியே இல்லாமல் டைஃபாய்டைப் பரப்பிய மேரி மேலன் 1869இல் டைரோன் மாவட்டத்துக் குக்ஸ்டவுனில் பிறந்து, பதின்ம வயதில் நியூயார்க் போனவள். சமையற்காரி ஆனாள், வீட்டுப் பணிகளில் அதுவே அதிகச் சம்பளம். 1906 கோடையில் ஆய்ஸ்டர் பேயில் ஒரு வங்கி அதிபர் வாடகைக்கு எடுத்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைஃபாய்டு வந்தது. வெந்த சாப்பாட்டில் கிருமி செத்துவிடும், ஆனால் அவள் பச்சைப் பீச் பழம் நறுக்கிப் போட்ட ஐஸ்கிரீம் செய்வாள். அதில்தான் பரவியது என்று விசாரணையாளர் முடிவு செய்தார். 1907இல் பிடித்து நார்த் பிரதர் தீவில் அடைத்தார்கள். இனிச் சமைக்கமாட்டேன் என்ற உறுதிமொழியோடு 1910இல் விட்டார்கள். 1915இல் ஒரு மகப்பேறு மருத்துவமனைச் சமையலறையில் வேறு பெயரில் மறுபடி பிடிபட்டாள். 1938இல் தீவிலேயே இறந்தாள்.

நாவலின் சிறப்பு அவளை நியாயப்படுத்தாததும் அரக்கியாக்காததும்தான். தன் உடம்பில் நோயே இல்லை என்று நிஜமாக நம்பும் ஒருத்திக்கு, சமையல் மட்டுமே தெரிந்த ஒருத்திக்கு, சலவை வேலைக்கு இறங்கச் சொன்னால் என்னாகும் என்று கீன் யோசிக்கிறார். தனி வாழ்க்கை பெருமளவு கற்பனை, தேதிகளும் விசாரணையும் நிஜம்.

கன்னியாஸ்திரிகளும் பாதிரியாரும் எல்லாக் கதையிலும் வருகிறார்களே?

அன்றைய வேலைவாய்ப்பு அலுவலகம், வங்கி, மருத்துவமனை எல்லாம் பங்குக் கோவில்தான். ஆலிஸ் மெக்டர்மட்டின் 'த நைன்த் அவர்' (2017) இதில் தலைசிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் புரூக்ளின். வேலை போன ஜிம் எரிவாயுக் குழாயைத் திறந்துவிட்டுச் சாகிறான். கர்ப்பிணி மனைவி ஆனியை ஏழை நோயாளிகளைப் பராமரிக்கும் கன்னியர் மடம் எடுத்துக்கொள்கிறது. தற்கொலைக்குக் கத்தோலிக்கக் கல்லறை கிடையாது என்பதால், வயதான சிஸ்டர் செயின்ட் சேவியர் அதை விபத்தாக மறைக்க முயல்கிறார். ஆனி மடத்துச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள், மகள் சாலி அங்கேயே வளர்கிறாள். வெள்ளைத் துணியில் கறை எடுப்பது, நோயாளி உடம்பைத் துடைப்பது, படுக்கைப்புண் எல்லாம் கிட்டத்தில் நின்று எழுதப்பட்டிருக்கின்றன. கன்னியர்களை அசடுகளாகவோ கொடுமைக்காரிகளாகவோ எழுதாமல் வேலைத்திறன் உள்ள பெண்களாக எழுதியதற்காகவே இதைப் படிக்கலாம்.

பஞ்சமோ வறுமையோ அல்லாத காரணத்தால் போனவர்கள்?

செபாஸ்டியன் பாரியின் 'ஆன் கேனன்ஸ் சைட்' (2011). 89 வயது லில்லி, பேரன் இறந்தபின் ஒரு கணக்குப் புத்தகத்தில் தன் கதையை எழுத உட்காருகிறாள். அவள் தந்தை பிரிட்டிஷ் ஆட்சியின் போலீஸ் அதிகாரி, காதலன் டைக் பேர் அயர்லாந்து விடுதலைப் போரின்போது பிரிட்டிஷ் தரப்புப் படையில் சேர்ந்தவன். விடுதலைக்காகப் போராடிய ஐ.ஆர்.ஏ. (அயர்லாந்துக் குடியரசுப் படை) மரண தண்டனை விதித்ததால் இருவரும் ஓடுகிறார்கள். அமெரிக்கா இவர்களுக்கு வாய்ப்பின் நாடு அல்ல, ஒளிவிடம். அந்தத் தண்டனை கடலைத் தாண்டி வருகிறது. மொழி கவிதைபோல இழுக்கும், வேகமாகப் படிக்க முடியாது. 2012இல் வால்டர் ஸ்காட் பரிசு பெற்றது.

1950களில் எய்லிஷுக்கு விசா அவ்வளவு எளிதாகக் கிடைத்தது எப்படி?

1924 சட்டம் நாடுவாரியாக ஒதுக்கீடு வைத்தது. ஆசியர்களை ஏறக்குறைய அடியோடு தடுத்து, கிழக்கு, தெற்கு ஐரோப்பியரை நசுக்கிய அதே சட்டம் அயர்லாந்துக்குத் தாராளமாக இருந்தது. 1929 முதல் ஆண்டுக்கு 17,853 இடங்கள். மருத்துவப் பரிசோதனையும் விசாவும் ஊரிலுள்ள தூதரகத்திலேயே முடிந்துவிடும். வேலைக்கு உறுதி தர ஒரு பாதிரியார் போதும்.

இன்னொன்று: 1950களில் அயர்லாந்தைவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் போனது இங்கிலாந்துக்கு. 'புரூக்ளின்' நாவலில் எய்லிஷின் அண்ணன்மார் பர்மிங்ஹாமில் இருப்பது தற்செயல் அல்ல.

1965 சட்டம் இந்த ஒதுக்கீட்டை ஒழித்தது, 1968இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் நெருங்கிய உறவு இல்லாத அயர்லாந்து இளைஞர்களுக்குக் கதவு மூடியது. 1980களில் வந்தவர்கள் பலர் சுற்றுலா விசாவில் வந்து காகிதமில்லாமல் தங்கியது இதனால்தான். மூடுவதற்குச் சற்று முந்திய காலத்துக்கு மேரி பெத் கீனின் முதல் நாவல் 'த வாக்கிங் பீப்பிள்' (2009): கால்வே கடலோரத்துச் சகோதரிகளும் நாடோடிச் சமூகத்து மைக்கேலும் நியூயார்க் போகிறார்கள். அவன் நகரத்துக் குடிநீர்ச் சுரங்கம் தோண்டும் வேலையில் ஆயுளைக் கழிக்கிறான்.

தடித்த வரலாற்றுக் குடும்பக் கதை, துப்பறியும் கதை ஏதாவது?

குடும்பக் கதைக்கு மேரி பாட் கெல்லியின் 'கால்வே பே' (2009). எழுத்தாளர் தன் மூதாதையரை வைத்து எழுதியது. பஞ்சத்திலிருந்து சிகாகோ வரை ஹோனோரா என்ற பெண்ணின் கதை. நியூயார்க்கையே சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு நல்ல மாறுதல். நீளம் அதிகம், எல்லா வரலாற்று நிகழ்வும் இவர்கள் வீட்டு வாசல் வழியாகவே போகும்.

துப்பறிய ரீஸ் போவனின் 'மர்ஃபீஸ் லா' (2001). கொலைப்பழிக்குத் தப்பியோடும் மாலி மர்ஃபி, காசநோயால் பயணம் மறுக்கப்பட்ட வேறொருத்தியின் பெயரில் அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு 1901இல் எல்லிஸ் தீவில் இறங்குகிறாள். பொழுதுபோக்குத்தான், ஆனால் தீவின் நடைமுறை ஒழுங்காக வருகிறது.

மேரி பெனடிக்டின் 'கார்னகீஸ் மெய்ட்' (2018) அடிக்கடி பரிந்துரைக்கப்படுகிறது. எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் தாயிடம் பணிப்பெண்ணாகும் கிளாரா கெல்லி முழுக் கற்பனை. கார்னகியின் பிற்கால நற்கொடைக்கு ஓர் அயர்லாந்துப் பெண் காரணம் என்ற யோசனைக்கு எந்த ஆதாரமும் இல்லை. விமானப் பயணத்துக்கு ஏற்ற புத்தகம், அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

அந்தக் காலத்திலேயே யாராவது எழுதினார்களா?

கவான் மாவட்டத்தில் பிறந்து 1844இல் கனடா போன மேரி ஆன் சாட்லியரின் 'பெஸ்ஸி கான்வே' (1861). டிப்பரரிப் பெண் ஒருத்தி நியூயார்க்கில் வேலைக்காரியாக இருந்து, விசுவாசமும் சேமிப்பும் குலையாமல் ஏழாண்டு கழித்து ஊர் திரும்ப, அதே நேரம் பஞ்சத்தில் அவள் குடும்பத்தை வீட்டிலிருந்து தூக்கி எறிய ஆட்கள் வந்து நிற்கிறார்கள். நாவலாகப் பார்த்தால் பிரசங்கம்தான். பணிப்பெண்கள் நடனத்துக்கும் பட்டுடைக்கும் மயங்கக் கூடாது என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் விரல் ஆட்டும். ஆனால் அவர்கள் நடனத்துக்கும் பட்டுடைக்கும் எவ்வளவு ஆசைப்பட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. காப்புரிமை முடிந்த நூல், இன்டர்நெட் ஆர்க்கைவில் பழைய பதிப்பின் நகல் இலவசம். எழுத்து சிறிது, கணினித் திரையில் படிப்பது நல்லது.

'எ ட்ரீ குரோஸ் இன் புரூக்ளின்' இந்த வகையா?

கிட்டத்தட்ட. 1943இல் வந்த பெட்டி ஸ்மித்தின் நாவலில் பிரான்சி நோலன் அமெரிக்காவில் பிறந்தவள், தந்தை வழியில் அயர்லாந்து, தாய் வழியில் ஆஸ்திரியா. குடியேற்றத்துக்குப் பின் வரும் தலைமுறையின் கதை. மேலே சொன்ன ஏதாவது ஒன்றைப் படித்தபின் எடுத்தால், பாட்டிகள் எதை விட்டுவந்தார்கள் என்பது தெரிந்திருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் நாவல்கள் செய்யும் தவறுகள் உண்டா?

நிறைய. உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் அயர்லாந்தின் பாரம்பரிய உணவு என்பது நியூயார்க்கில் பிறந்த எண்ணம். ஊரில் வசதியுள்ளவன் தின்றது பன்றி இறைச்சியும் முட்டைக்கோசும். நியூயார்க்கில் யூதக் கசாப்புக் கடைகளில் உப்பிட்ட மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்ததால் பழக்கம் மாறியது. பஞ்சத்துக்கு முன் ஏழைக் குடிசையில் உருளைக்கிழங்கும் மோரும் மட்டுமே. உழைக்கும் ஆண் ஒருவன் நாளொன்றுக்கு 5 கிலோவுக்குமேல் கிழங்கு தின்றான். ஆகவே அங்கிருந்து வந்த பெண்ணுக்கு அமெரிக்க எசமானியின் அடுப்பில் வறுவலும் கேக்கும் செய்யத் தெரியாதது இயல்பு. 'அயர்லாந்துப் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது' என்ற அக்காலப் பத்திரிகைக் கேலிகளுக்கு அடிப்படை இதுதான். முதல் நாளே விருந்து சமைத்து அசத்தும் கதாநாயகியை நம்ப வேண்டாம்.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்தால் தப்பாகும். முக்கியமானவை மட்டும்: 'புரூக்ளின்' நாயகி எய்லிஷ், முடிவில் 'ஸ்' அல்ல 'ஷ்'. ஆசிரியர் பெயரில் அழுத்தம் கடைசியில், டோ-பீன். லில்லியின் காதலன் டைக், 'டைகர்' என்பதில் கடைசி ஒலியை விட்டுவிட்டால் போதும். கோவ் (Cobh) என்ற ஊர்ப்பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் சேர்ந்து 'வ்'.

மொத்தமாக ஆறு புத்தகம் என்றால் எந்த வரிசை?

கதை நடக்கும் கால வரிசைப்படி படிப்பது அழகாகத் தோன்றும், ஆனால் 'ஸ்டார் ஆஃப் த சீ'யில் தொடங்கினால் பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். முதலில் 'புரூக்ளின்'. பிறகு 'ஃபீவர்', 'த நைன்த் அவர்'. கை பழகியபின் 'ஸ்டார் ஆஃப் த சீ', அதன்பின் 'ஆன் கேனன்ஸ் சைட்'. 'லாங் ஐலண்ட்' கடைசியில். 'புரூக்ளின்' முடித்த உடனே அதை எடுக்கத் தோன்றும், கொஞ்சம் பொறுங்கள். எய்லிஷ் இருபதாண்டு ஊர்ப்பக்கம் போகாமல் இருந்தவள், நடுவில் நான்கு புத்தகம் இடைவெளி விட்டால் அந்தத் தூரம் வாசிப்பிலும் கொஞ்சம் தெரியும்.